விண்மீனுக்கு எல்லை வகுத்த சந்திரசேகர்

பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒரு கருத்து உண்மையாகிவிடுமா? இளைஞர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? இவ்வினாக்களைச் சிந்திக்க விரும்புவோர் படிக்க வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. மயிலாப்பூரில் வளர்ந்து, சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் பயின்று, உலகப் புகழ் பெற்ற வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கையே அது. 1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றவர் என்ற அளவில் அவரை நாம் அறிவோம். ஆனால், எந்தக் கண்டுபிடிப்பால் அவர் பெயர் நிலைத்ததோ, அதே கண்டுபிடிப்புக்காக அவர் தமது இருபத்து நான்காம் வயதில் ஓர் அறிஞர் சபையின் நடுவே சிரிப்புக்கு ஆளானார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூர் நகரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வேயின் கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். பத்துக் குழந்தைகள் கொண்ட அக்குடும்பத்தில் மூத்த ஆண்மகன் சந்திரசேகர். ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930இல் நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், இவருடைய தந்தையாரின் தம்பி. அதாவது, இவருக்குச் சித்தப்பா.

சித்தப்பாவின் புகழை எல்லோரும் பேசுகிறார்கள். தாயாரைப் பற்றி நாம் பேச வேண்டும். பெண்கள் பள்ளி வாசலை மிதிப்பதே அரிதாக இருந்த காலத்தில் பிறந்த அந்த அம்மையார், தம் சொந்த முயற்சியால் ஆங்கிலம் கற்றார். நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சன் எழுதிய பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். வீட்டில் பொம்மையைப் போல நடத்தப்படும் ஒரு மனைவி தன்னை உணர்வதே அந்நாடகத்தின் கதை. பத்துப் பிள்ளைகளைப் பேணிக்கொண்டே இப்பணியைச் செய்த தாயின் மடியில்தான் சந்திரசேகர் எழுத்துக் கற்றார்.

1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. வீட்டிலேயே பாடம் படித்த சிறுவர், பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1925இல், பதினைந்து வயது நிறைவதற்கு முன்பே, மாநிலக் கல்லூரி மாணவரானார். அவருக்கு விருப்பமான பாடம் கணிதம். மகன் பெரிய அரசுப் பதவிக்குச் செல்ல வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். கணிதத்தைவிட இயற்பியல் பயன் தரும் என்று அவர் கருதினார். மகன் தந்தை சொற்படி இயற்பியலில் சேர்ந்தார். ஆனால் நேரம் கிடைத்தபோதெல்லாம் கணித வகுப்புகளில் போய் அமர்ந்துகொண்டார். மனத்துக்குப் பிடித்த துறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று மகன் பக்கம் நின்றவர் தாயார்.

சென்னைக்கு வந்த புதிய இயற்பியல்

அக்காலத்தில் இயற்பியல் உலகில் பெரும் புரட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆற்றல் என்பது நீரோட்டம் போல இடைவிடாது வருவதன்று, சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்று 1900இல் ஜெர்மன் அறிஞர் பிளாங்க் கண்டார். அப்பொட்டலத்துக்குக் குவாண்டம் என்று பெயர். ஒளியும் அவ்வாறே என்று 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அணுவின் கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே சுற்றுகின்றன என்று 1913இல் டென்மார்க்கின் நீல்ஸ் போர் கூறினார். இவை பழைய குவாண்டம் கொள்கை எனப்படும். 1925இல் ஹைசன்பர்க்கும் 1926இல் ஷ்ரோடிங்கரும் இதைப் புரட்டிப் போட்டனர். எலக்ட்ரானுக்குப் பாதை என்பதே இல்லை. அது இன்ன இடத்தில் இருப்பதற்கு இவ்வளவு வாய்ப்பு என்று மட்டுமே கணக்கிட முடியும் என்ற நிலை வந்தது.

இதற்கு என்ன பொருள்? இங்கேதான் அறிஞர்கள் பிரிந்தனர். அளந்து பார்ப்பதற்கு முன் எலக்ட்ரான் எங்கே இருந்தது என்று கேட்பதிலேயே பொருளில்லை என்பது போரின் கட்சி. இயற்கை உறுதியானது, வாய்ப்பை மட்டும் பேசும் கொள்கை முழுமை பெறாதது என்பது ஐன்ஸ்டைனின் கட்சி. 1927இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் இருவரும் நாள்தோறும் வாதிட்டனர். துகளை ஓர் அலை வழிநடத்துகிறது என்று 1952இல் டேவிட் போம் வேறொரு விளக்கம் தந்தார். ஒவ்வோர் அளவீட்டிலும் உலகமே கிளை பிரிகிறது என்னும் வியப்பான விளக்கத்துக்கு 1957இல் ஹியூ எவரெட் அடிகோலினார். ஐன்ஸ்டைன் எதிர்பார்த்தது போன்ற எளிய விளக்கத்துக்கு இடமில்லை என்று காட்டிய சோதனைகளுக்கு 2022இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆயினும் எந்த விளக்கம் சரி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஒன்றை மட்டும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். இவர்கள் பொருள் கொள்வதில்தான் வேறுபட்டார்கள். ஓர் அணுவைப் பற்றிக் கணக்கிடச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும்.

இப்புரட்சியின் செய்தி சென்னை மாணவர் ஒருவரை வந்தடைந்த விதம் சுவையானது. 1928இல் மியூனிக் பேராசிரியர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அவருடைய நூலைத் தாமே கற்றுத் தேர்ந்திருந்த சந்திரசேகர், பேராசிரியர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று பார்த்தார். அந்நூலில் படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது என்றும், புதிய குவாண்டம் கொள்கை வந்துவிட்டது என்றும் பேராசிரியர் தெரிவித்தார். வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். சந்திரசேகரோ, உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களைப் பற்றிப் பேராசிரியர் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளைப் பெற்றுக்கொண்டு திரும்பினார். அதைப் படித்து, அப்புதிய முறையை வைத்தே தாமும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலர் வழியாக அது 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. அதே ஆண்டில் ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது, அவரை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டியவரும் இந்த மாணவரே.

கப்பலில் செய்த கணக்கு

1930இல் இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. கேம்பிரிட்ஜுக்குச் செல்ல வேண்டும். தாயாரோ நோய்வாய்ப்பட்டிருந்தார். போவதா, வேண்டாமா என்று மகன் தயங்கினார். தம் பொருட்டு அவர் தங்கிவிடக் கூடாது என்று தாயார் வற்புறுத்தி அனுப்பினார். ஜூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தாயார் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

அக்கப்பற் பயணத்தில், பத்தொன்பது வயது இளைஞர் ஒரு கணக்கைப் போட்டார். அதைப் புரிந்துகொள்ள, வெள்ளைக் குள்ளன் எனப்படும் விண்மீனைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் நம் குரோம்பேட்டை வீடுகளின் மொட்டைமாடியிலிருந்து கிழக்கே பார்த்தால், ஜி.எஸ்.டி. சாலை விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறிப் பளிச்சென்று ஒளிர்வது சிரியஸ். இரவு வானிலேயே மிகுந்த ஒளியுடைய விண்மீன் அது. அதற்கு ஒரு துணை உண்டு. தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. அதன் நிறை ஏறத்தாழ நம் சூரியனின் நிறை. அதன் பருமனோ ஏறத்தாழ நம் பூமியின் அளவே. அங்கிருந்து ஒரு தேக்கரண்டிப் பொருளை எடுத்துவந்தால் பல டன் எடை இருக்கும். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் அது.

இவ்வாறு சுருங்கும் விண்மீன் ஒரு நிலையில் நின்றுவிடுவது ஏன்? விடை குவாண்டம் இயற்பியலில் இருக்கிறது. நம் பள்ளி ஆண்டு விழாவில் படிப்படியாக உயரும் இருக்கை வரிசைகள் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஓர் இருக்கையில் ஒருவர்தான் அமரலாம். முன்வரிசைகள் நிரம்பியபின் வருகிறவர்கள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். எலக்ட்ரான்களும் அப்படியே; ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது என்பது 1925இல் பௌலி கண்ட விதி. சிறிய இடத்தில் அவற்றை நெருக்க நெருக்க, அவை மேன்மேலும் மிகுந்த வேகமுள்ள நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த வேகத்தால் எழும் அழுத்தமே விண்மீனைத் தாங்குகிறது. வெப்பம் தணிந்தாலும் இவ்வழுத்தம் தணியாது. இதை 1926இல் விளக்கியவர் ஃபௌலர். இறந்த விண்மீன்கள் எல்லாம் வெள்ளைக் குள்ளன்களாக அமைதியடையும் என்று எல்லோரும் நிம்மதி கொண்டனர்.

ஃபௌலரின் கணக்கில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கப்பலில் சந்திரசேகர் கண்டார். எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒளியின் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாதல்லவா? ஆகவே எவ்வளவு நெருக்கினாலும் அழுத்தம் போதிய அளவு உயராது. கணக்கைப் போட்டபோது ஓர் எல்லை வந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறைதான் வெள்ளைக் குள்ளனுக்கு உச்ச வரம்பு. அதற்கு மேற்பட்டால் அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ள முடியாது; சுருங்கிக்கொண்டே போகும். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஸ்டோனர் என்னும் அறிஞரும் வேறு வழியில் இத்தகைய எல்லையைக் கண்டிருந்தார். அதை விண்மீனின் முழு அமைப்போடு பொருத்தி, ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் சந்திரசேகர். இன்று அது சந்திரசேகர் எல்லை என்றே வழங்குகிறது.

சபையில் நேர்ந்தது

கேம்பிரிட்ஜில் அவர் ஃபௌலரிடம் மாணவரானார். 1931 கோடையில் கெட்டிங்கன் நகரிலும், 1932 முதல் ஓராண்டு கோபன்ஹேகனில் போரின் ஆய்வுக்கூடத்திலும் தங்கினார். குவாண்டம் கொள்கை பிறந்து வளர்ந்த இடங்கள் அவை. 1933இல் டாக்டர் பட்டமும் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ என்னும் சிறப்பும் பெற்றார்.

அதே கல்லூரியில் சர் ஆர்தர் எடிங்டன் இருந்தார். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி எழுதுவதில் அவருக்கு நிகர் அக்காலத்தில் எவரும் இலர். 1919இல் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துக் காட்டியவரும் அவரே. பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர் லெமேத்தர் அவரிடம் பயின்றவர். பேரண்டம் விரிகிறது என்று லெமேத்தர் எழுதிய கட்டுரையை ஆங்கில உலகுக்கு எடுத்துக் காட்டியவரும் எடிங்டனே. சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் வென்று பரிசாகப் பெற்றது எடிங்டனின் நூல்தான். அத்தகையவர் இந்த இளைஞரின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஆர்வத்தோடு விசாரித்தார். கணக்கிடும் இயந்திரம் ஒன்று கிடைக்கவும் உதவினார்.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவுகளைப் படித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். குவாண்டம் கொள்கையையும் சார்பியலையும் இவ்வாறு இணைத்ததே தவறு என்றார். ஒரு விண்மீன் ஓயாமல் சுருங்கிக்கொண்டே போவது நகைப்புக்குரியது என்றும், அதைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருந்தே தீரும் என்றும் வாதிட்டார். இடையிடையே நகைச்சுவை கலந்து பேசினார். சபை சிரித்தது. இத்தனை நாள் அறைக்கு வந்து பேசியவர், தாம் மறுத்துப் பேசப்போவதாக ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. இளைஞருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் கிட்டவில்லை. கூட்டம் முடிந்தபின் பலர் அவரிடம் வந்து அனுதாபம் தெரிவித்தார்களாம்; அவர் தோற்றுவிட்டார் என்றே அவர்கள் எண்ணினார்கள்.

போரும் ஐன்ஸ்டைனும் குவாண்டம் கொள்கையின் பொருளைப் பற்றித்தான் வழக்காடினார்கள். எடிங்டன் மறுத்ததோ கணக்கையே. ஆகவே தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் குவாண்டம் அறிஞர்கள். சந்திரசேகர் கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். அவர் போரிடம் காட்டினார். பௌலியிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. எடிங்டனின் வாதத்தில் பொருளில்லை, சந்திரசேகர் சொல்வதே சரி என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆனால் எவரும் அதை வெளிப்படையாக அறிவிக்க முன்வரவில்லை. அது வானியல்காரர்களின் சண்டை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். டிராக், பெயர்ல்ஸ், பிரைஸ் ஆகிய மூவர் எடிங்டனின் வாதம் தவறு என்று ஒரு கட்டுரையில் அச்சிட்டு எழுதியது 1942இல். அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

பகை பாராட்டாத பண்பு

இத்தகைய நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சந்திரசேகர் தம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. சண்டையிலேயே வாழ்நாளைக் கழிக்கவும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணி ஏற்றார். தாம் கண்டதையெல்லாம் 1939இல் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்குத் திரும்பினார். ஒரு துறையை எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் உழைத்து, அதன் ஆழம் கண்டு, ஒரு பெரிய நூல் எழுதி முடித்தபின் அடுத்த துறைக்குச் செல்வது அவர் வழக்கமாயிற்று. 1952 முதல் 1971 வரை வானியற்பியலின் முதன்மையான இதழுக்கு ஆசிரியராக இருந்தார்.

எடிங்டனோடு அவர் நட்பை முறித்துக்கொள்ளவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது, அவரை அக்காலத்தின் தலைசிறந்த வானியல் அறிஞர்களுள் ஒருவராகப் போற்றிப் பேசினார். இளமையிலேயே பெரும்புகழ் வந்திருந்தால் அது தம்மைக் கெடுத்திருக்கக்கூடும் என்றும் பிற்காலத்தில் அவர் எண்ணியதுண்டு.

இவ்விடத்தில் லலிதா அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு நிறைவு பெறாது. அவர் மாநிலக் கல்லூரியில் சந்திரசேகருக்கு ஓராண்டு பின்னால் இயற்பியல் படித்தவர். அக்காலத்தில் அப்பாடத்தை எடுத்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இளம் விதவைகளின் கல்விக்காக உழைத்த சகோதரி சுப்புலட்சுமியின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அச்சுப்புலட்சுமி சென்னையில் பிரசன்டேஷன் கன்னியர்களின் பள்ளியில் பயின்றவர் என்பது நம் போன்ற கான்வென்ட் மாணவியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. லலிதா பெங்களூரில் இராமனின் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். சந்திரசேகருக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்து, 1936 செப்டம்பரில் அவரை மணந்தார். பின்னர் தம் இயற்பியலைத் தொடரவில்லை. அந்நிய நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு அருகே கணவரின் உழைப்புக்கு அவர் துணை நின்றார். அத்துணையைப் போற்றும் நாம், தொடராமல் நின்றுபோன அந்தப் படிப்பையும் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காலம் தந்த தீர்ப்பு

1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, வானொலித் தொலைநோக்கி வரைந்த நீண்ட காகிதச் சுருளில் விளங்காத ஒரு சிறு குறியைக் கவனித்தார். பிறர் பிழையென்று தள்ளியிருக்கக்கூடிய அதை அவர் விடாமல் ஆராய்ந்தார். சீராகத் துடிக்கும் விண்மீன்கள் அவ்வாறு கண்டறியப்பட்டன. அவை வெள்ளைக் குள்ளனைவிடப் பன்மடங்கு சுருங்கிய நியூட்ரான் விண்மீன்கள் என்று பின்னர் தெளிவாயிற்று. விண்மீன்கள் வெள்ளைக் குள்ளனோடு நின்றுவிடுவதில்லை என்பது உறுதியாயிற்று. அதற்கும் அப்பால், ஒளியும் தப்ப முடியாத கருந்துளைகளும் உண்டு என்பது இன்று நிலைபெற்ற உண்மை. எடிங்டன் நகைப்புக்குரியது என்று தள்ளியது நடந்தே இருக்கிறது. சிரியஸுக்கு அருகே செந்நிறமாய்த் தெரியும் திருவாதிரை, சூரியனைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட நிறையுடையது. அதுவும் ஒரு நாள் வெடித்து அவ்வழியே செல்லும். நம் சூரியனோ, இன்னும் பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் எல்லைக்குட்பட்ட வெள்ளைக் குள்ளனாக அடங்கும்.

இவ்வெல்லை எங்கோ வானத்துச் செய்தி மட்டுமன்று. அருகிலுள்ள விண்மீனின் பொருளை ஈர்த்து ஒரு வெள்ளைக் குள்ளன் இவ்வெல்லையை நெருங்கினால் வெடித்துச் சிதறும். நம் குருதியில் உள்ள இரும்பின் பெரும்பகுதி இத்தகைய வெடிப்புகளிலும் பெரிய விண்மீன்களின் வெடிப்புகளிலும் உருவானது. குரோமியமும் அவ்வாறு உருவானதே. தோல் பதனிட அந்த உப்பைப் பயன்படுத்திய குரோம் தோல் தொழிற்சாலையால்தான் நம் ஊர் குரோம்பேட்டை எனப் பெயர் பெற்றது.

1983இல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, நோபெல் பரிசு வந்தது. 1995 ஆகஸ்ட் 21ஆம் நாள் சந்திரசேகர் சிக்காகோவில் காலமானார். 1999 ஜூலை 23ஆம் நாள், அவர் நினைவாகச் சந்திரா என்று பெயரிட்ட எக்ஸ்-கதிர் வானாய்வகத்தை ஏற்றிக்கொண்டு கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. அதன் தலைவர் ஐலீன் காலின்ஸ். விண்ணோடப் பயணம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி.

சந்திரசேகரைப் போல அறிவாற்றல் பெறுவது எல்லோருக்கும் எளிதன்று. ஆனால் இவ்வரலாற்றில் நாம் எல்லோரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அன்று சபையில் சிரித்தவர்கள் விவரம் அறியாமல் சிரித்தார்கள். உண்மையை அறிந்திருந்தும் வாய் திறவாதிருந்தவர்களே அந்த இளைஞரைத் தனியே விட்டவர்கள். அவர்களுள் ஒருவர் அன்றே எழுந்து பேசியிருந்தால், கருந்துளைகளைப் பற்றிய ஆராய்ச்சி பல்லாண்டுகள் முன்னரே தொடங்கியிருக்கக்கூடும். நம் வகுப்பில் ஒருத்தி சரியான விடையைச் சொல்லி மற்றவர் சிரிக்கும்போது, அவள் சொன்னது சரி என்று அறிந்தவர் யாராயினும் அதை எழுந்து சொல்வோமாக.